நைலான் கம்பிதான் வேண்டும் என்றேன்

போன வாரம் ஏரி மீன் வாங்கினேன். செம்பரம்பாக்கத்திலிருந்து வண்டியில் கொண்டுவந்து விற்கிறவர் ஜிலேபி மீன்களைச் செவுளில் கோத்து, தங்கூசியால் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். தூண்டிலுக்குக் கட்டுகிற நைலான் நரம்பைத்தான் எங்கள் பக்கம் தங்கூசி என்போம். மீனைக் கழுவியபின் அதைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. கவிச்சி போக சோப்புப் போட்டு அலசி, ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றி, மறுமுனையை இழுத்துப் பிடித்து விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். டொய்ங் என்றது. நல்லவேளை, வீட்டில் யாரும் இல்லை. கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் ஒரு கித்தார் வைத்திருந்தார். இருங்காட்டுக்கோட்டையில் கார் கதவுக்குத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் அவருக்கு வேலை. வலதுகை நகங்களை வெட்டவே மாட்டார், அந்தக் கித்தாரை நகத்தால் மீட்ட வேண்டும். "இன்னாய்யா, உன்ன பொண்ணு பாக்க வராங்களா? நகம் வளத்துகினு கீற?" என்று சூப்பர்வைசர் கேலி செய்வாராம். கையுறையை மாட்டிக்கொண்டு சிரித்துவிட்டு வந்துவிடுவார்.

அது அகலக் கழுத்துக் கித்தார், நைலான் கம்பி போடுகிற வகை. இரும்புக் கம்பிக் கித்தார் போல அதட்டாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல் அதற்கு. அதுதான் கஷ்டமாகவும் போயிற்று. வடக்குப்பட்டில் எங்கள் ஜெபக்கூடம் பெரிய ரோட்டை ஒட்டின தகரக் கொட்டகை. கண்டெய்னர் லாரிச் சத்தத்தை ஜெயிக்க எல்லோரும் தொண்டை கிழியப் பாடுவார்கள். அத்தனை வருஷம் அவர் வாசித்தும், விரல் அசைந்ததைத்தான் சபையார் பார்த்தார்கள். கேட்டவள் வீட்டில் நான் ஒருத்திதான். அவர் தவறிப்போனபின் கித்தார் ஆணியில் தொங்கியது. கம்பிகள் ஒவ்வொன்றாக விட்டுப்போயின.

பிறகு ரோட்டை அகலப்படுத்தக் கொட்டகையை எடுக்கப்போகிறார்கள் என்றார்கள். மாதக் கடைசி ஞாயிறு அங்கே கடைசி ஆராதனை. அன்றைக்கு ஒரு தடவையாவது அந்தக் கித்தாரைச் சபை கேட்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் விழுந்துவிட்டது. நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவள். பிடிவாதத்துக்குக் கூச்சம் தெரியாதுபோல.

வாசிக்க ஆள் இருந்தது. மாடி அறையில் வாடகைக்கு இருந்த ஜாஸ்மின், நாசரேத் பக்கத்துப் பிள்ளை, போன் கம்பெனியில் வேலை. ஊர்க் கோயிலில் ஆராதனைக்குக் கித்தார் வாசித்துப் பழகியவள். ஆஃப் நாளில் ஸ்ரீபெரும்புதூருக்குப் போய் இரும்புக் கம்பி வாங்கி வந்துவிட்டாள்.

"ஆச்சி, நைலான் போட்டா லாரிச் சத்தத்துல ஒரு மண்ணும் கேக்காது. இது போட்டா கணீர்னு இருக்கும், பாருங்க."

இருந்தது. மாட்டின மறுநாள் மத்தியானம் நான் அரிசி களைகிறபோது உள்ளே முறுக் என்று மரம் முனகியது. ஓடிப்போய்ப் பார்த்தால், கம்பிகளைக் கட்டுகிற அடிக்கட்டை பின்பக்கம் தூக்கிக்கொண்டு, உள்ளே விரல் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. இரும்பின் இழுப்பை மரம் தாங்கவில்லை, முருங்கைக் கிளையில் தடியான ஆளை ஏற்றிவிட்டமாதிரி ஆகிவிட்டது. கம்பியை இறுக்குகிற திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். தச்சரைக் கூப்பிட்டுப் பசை வைத்து இறுக்கினோம்.

அடுத்துத்தான் தங்கூசி யோசனை. அப்போதும் இதே மீன்காரர்தான், அவரிடம் தினுசு தினுசாகக் கேட்டேன்.

"இன்னாக்கா, திமிங்கலம் புடிக்கப் போறியா?"

மெலிசானது கீச்சென்றது. கொஞ்சம் தடிமனானது நன்றாகவே பேசியது. மெல்லிய மூன்று கம்பிகளுக்குச் சரி, கனத்த மூன்றுக்கு என்ன செய்வது? அவை நூல்மேல் வெள்ளிபோலக் கம்பி சுற்றினவை. அதற்கு ஏரியில் மருந்து இல்லை.

தனியாக பஸ் ஏறிச் சென்னைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு போட்ட கடை. தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல், ஒருவர் வெளியே வருகிறவரை நின்று உள்ளே நுழைந்தேன். சர்ச்சில் வாசிக்க, நைலான் கம்பிதான் வேண்டும் என்றேன். கடைக்காரர் இரண்டு பாக்கெட்டுகளை வைத்தார்.

"இது ஹார்டு டென்ஷன். இழுவை ஜாஸ்தி, சத்தமும் ஜாஸ்தி. இது நார்மல், சாஃப்டா இருக்கும். சர்ச்சுக்குன்னா ஹார்டு எடுத்துக்கங்க மேடம்."

என்னை மேடம் என்று யாரும் கூப்பிட்டதில்லை. பையிலிருந்து என் வீட்டுக்காரருடைய பழைய அறுந்த கம்பியை எடுத்து வைத்தேன். இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தேன். ஹார்டு விறைப்பாக இருந்தது. மற்றது பழையதைப் போலவே வளைந்துகொடுத்தது.

"இதான். கித்தார் அடிக்கட்ட ஏற்கனவே ஒருவாட்டி தூக்கிகினு கீது."

"ஆனா சத்தம்..."

"இதான்."

புது நைலான் நீண்டுகொண்டே போகும், சுருதி நிற்காது. ஜாஸ்மின் ஷிப்டுக்குப் போகும்போது சுருதி காட்டுகிற செயலியைத் தன் பழைய போனில் போட்டுக் கொடுத்தாள். "முள்ளு நடுவுல வந்து பச்சையாகணும் ஆச்சி. ஆகலன்னா லேசாத் திருகுங்க, முறுக்கிப்புடாதிய." குழம்பு கொதிக்கிற நேரமெல்லாம் திருகினேன். வாசிக்கத் தெரியாதவள் சனிக்கிழமை வரைக்கும் அந்தக் கித்தாரைக் கைக்குழந்தைபோலப் பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனால், கொட்டகையில் மின்சாரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். மைக் இல்லை. ஜாஸ்மின் என்னைப் பார்த்தாள், அப்பவே சொன்னேனே என்கிற பார்வை. முதல் சரணம் வழக்கம்போல எல்லோரும் கத்தினார்கள். வெளியே லாரி. அவள் விரல்கள் அசைந்தன, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் வாசித்ததைப் பார்த்தது போலவே இருந்தது.

பெண்கள் பாயிலிருந்து எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"கொஞ்சம் மெதுவா பாடுங்களேன்" என்றேன். "அந்தப் பொண்ணு வாசிக்குது."

ஆராதனை நடத்திய போதகர் ஐயர் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருத்தி, "யாரு, இவங்களா பேசறது?" என்றாள். பிறகு குரல்கள் ஒவ்வொன்றாகத் தணிந்தன. பிள்ளையைத் தூங்கவைக்கிறவர்கள்போல அத்தனை பேரும் முணுமுணுத்தார்கள். லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. அதற்கு நடுவில், தெள்ளத் தெளிவாக, கித்தார் கேட்டது. முன்வரிசைப் பெரியவர் பாட்டை விட்டுவிட்டுக் காதைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

கொட்டகை இருந்த இடத்தின்மேல் இப்போது ரோடு போகிறது. ஜாஸ்மின் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போய்விட்டாள். சபைக்குக் கட்டின புதுக் கோயிலில் தரையெல்லாம் டைல்ஸ், நாலு மூலையிலும் ஸ்பீக்கர் பெட்டி, டிரம்ஸ் வேறு. ரோட்டுச் சத்தம் உள்ளே வருவதேயில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதையாவது கேட்பதற்காகச் சபையார் குரலைத் தணித்தது அந்த ஒரு காலையோடு சரி.