அளவுக்கு ஓர் ஆள்

இன்னும் மேலே ஏற்றினார். பால் டின்னையும் ஒரு பழைய கேமராவின் லென்ஸையும் வைத்து அவரே செய்த பெரிதாக்கும் கருவி, அதற்கு மேல் ஏற இடமில்லாமல் குளியலறைக் கூரையில் முட்டியது. கீழே பலகையில் விழுந்த வெளிச்சத்திலிருந்து சிம்னி வெளியே போய்விட்டது. சிம்னியைச் சுற்றிய சாரமும் போய்விட்டது. ஓர் ஆளின் தலை மட்டும் நின்றது. தலை என்று அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது கொட்டிய மணல்.

காகிதத்தை வைத்து, மனத்துக்குள் இருபது எண்ணி, டெவலப்பரில் போட்டார். சிவப்பு பல்பின் கீழே பொட்டுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. கண் இருக்க வேண்டிய இடத்தில் நாலு பொட்டு. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

குளியலறைக்கு வெளியே கூடத்தில், படத்தில் நிற்கும் நெட்டையின் மனைவி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். நெட்டை இறந்து பதினெட்டு நாள். மறுநாள் காலை ஆறரை மணி லாரியில் அவள் ஊருக்குப் போகிறாள். தொழிலாளர் கொட்டகையில் அவளுடைய இடத்துக்கு வேறு குடும்பம் வந்தாகிவிட்டது. கல்யாணத்தின்போது எடுத்த படம் ஒன்று வைத்திருந்தாள். போன மழையில் கூரைத் தகரம் பறந்த அன்று அது நனைந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. உரித்தபோது அவள் முகம் மட்டும் காகிதத்தில் தங்கியது. அவன் முகம் கண்ணாடியோடு போயிற்று.

"அண்ணன்கிட்ட அவரு படம் முந்நூறு இருக்குன்னு சொல்லுவாரு," என்று வந்தவுடன் சொன்னாள். "அதுல ஒண்ணு குடுத்தீங்கன்னா போதும்ணே. இவன் வளந்து கேப்பான்ல."

பொய்யில்லை. முந்நூற்றுப் பதினொன்று.

ஒன்பது வருஷத்துக்கு முன் அவர் சிமெண்ட் குடோன் எழுத்தராக இங்கே வந்தபோது குடோனே கிடையாது. சுண்ணாம்பு பூசிய முளைகளும் அவற்றை இணைத்த கயிறும்தான் கட்டப்போகிற ஆலை நகரம். முதல் ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் படம் எடுத்தார். அவர் மனைவி பார்த்துவிட்டு, "இதென்னங்க, கோழிக்கு வேலி போட்ட மாதிரி இருக்கு," என்றாள். அது கொதிகலன் கூடம் வரப்போகும் இடம். ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் நடுவே நூற்றிருபது அடி. படத்தில் அது தெரியவில்லை. அன்றைக்கு முடிவு செய்தார்: எல்லாப் படத்திலும் அளவுக்கு ஓர் ஆள் நிற்க வேண்டும்.

நெட்டை நில அளவைக்காரரிடம் கோல் பிடிக்கிறவன். கட்டட வேலை தொடங்கிய பிறகும் கோலை ஊன்றிக்கொண்டு அங்கங்கே நிற்பான். "அசையாம நிக்கிறதுக்குத்தான் சார் எனக்குச் சம்பளமே," என்று சொல்லித்தான் முதல் படத்துக்கு வந்தான். பிறகு படம் எடுக்கிற ஞாயிற்றுக்கிழமையெல்லாம் தவறாமல் வந்தான். சிம்னி எழும்பியபோது, "நான் மட்டும் இல்லேன்னா இது சிகரெட்டு மாதிரி இருக்கும் சார்," என்றான். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நின்றான், தண்டவாளம் போட்ட அன்று தண்டவாளத்தில் நின்றான், ஆஸ்பத்திரி அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியபோது பள்ளத்துக்குள் இறங்கி நின்றான். கேமராவைப் பார்க்கக் கூடாது என்பது அவர் வைத்த ஒரே விதி. பார்த்தால் ஸ்டுடியோ படம் மாதிரி ஆகிவிடும். கட்டடத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும்.

போன வருஷம் ஒரு நாள், "ஒரு தடவை கிட்ட வந்து என்னைய மட்டும் எடுங்களேன் சார். எம் பொண்டாட்டி நம்ப மாட்டேங்கிறா," என்றான்.

"ஆகட்டும். இந்த ரோல்ல ரெண்டுதான் பாக்கி. சிம்னி உச்சி முடியட்டும்."

சிம்னி உச்சி முடிந்தது. திறப்பு விழாவுக்காக மேலாளர் அவருடைய படங்களில் நாற்பதைத் தேர்ந்தெடுத்து ஆல்பம் போட்டார். புரட்டிக்கொண்டே, "எல்லாத்துலயும் ஒரே ஆளு நிக்கிறானே, யாருய்யா அது?" என்று கேட்டார். "அளவுக்கு சார்," என்று இவர் பதில் சொன்னார். மேலாளர் சரியென்று பக்கத்தைத் திருப்பினார்.

அதற்கு அடுத்த மாதம் நெட்டைக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒன்பது நாள் கொட்டகையில் கிடந்தான். ஆஸ்பத்திரிக்கு இன்னும் கூரை போடவில்லை.

ஈரக் காகிதத்தைத் தட்டில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இடது தோள் எறக்கமா இருக்கு. அது அவருதான்," என்றாள். பிறகு, "ஆனா மூஞ்சி யாரோடதா வேணா இருக்கலாம்ணே."

"எல்லாமே எட்டத்துல எடுத்ததும்மா."

"ஒண்ணுகூடவா கிட்டத்துல இல்ல?"

அவர் மனைவி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"முந்நூறு படம் எடுத்திருக்கீங்க. அதுல செங்கல்லு எண்ணலாம்," என்றாள். "அந்தப் புள்ளைக்குக் குடுக்க ஒரு மூஞ்சி இல்ல."

"எனக்கும் தெரியுது."

"இந்தத் துண்டுகள்ல பாத்தீங்களா?"

"எந்தத் துண்டு?"

மனைவி ஜன்னலைக் காட்டினாள். கல்குவாரியில் தினமும் வெடி வைப்பார்கள். அப்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நாலும் சட்டத்துக்குள் கிடந்து ஆடும். அவர் ஃபிலிம் ரோலைக் கழுவிக் காயவைத்தவுடன் முனையிலிருக்கும் வீண் பகுதியை வெட்டி எறிவார். எறிந்ததை அவள் எடுத்து மடித்துக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகிவிடுவாள். ஒன்பது வருஷமாகச் செருகியிருக்கிறாள். தினமும் அந்த ஜன்னலைத் திறந்து மூடுகிற அவருக்கு அது கறுப்பாக ஏதோ அட்டை.

கத்தி முனையால் ஒன்றை நெம்பி எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். முக்கால்வாசி கறுப்பு. ஓரத்தில் ஒரு சட்டைப் பொத்தான்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இங்கே மரம் கிடையாது. ரோல் மாற்ற நிழல் வேண்டும். நெட்டை சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கை தூரத்தில் வந்து நிற்பான். அவன் நிழலில்தான் அவர் கேமராவைத் திறப்பார், மூடுவார். வெளிச்சம் பட்ட முன்பகுதி கழிவதற்கு இரண்டு முறை வீணாக அமுக்க வேண்டும். கேமரா எதைப் பார்க்கிறது என்று அப்போது அவர் கவனித்தது கிடையாது. எண்ணுவதுகூட நெட்டைதான். "ஒண்ணு போச்சு. ரெண்டு போச்சு. இனிமே எடுங்க சார்."

மூவருமாக எடுத்தார்கள். மொத்தம் இருபத்தேழு துண்டு. பதினைந்து முழுக் கறுப்பு. மற்றவற்றில் ஒரு கழுத்து, ஒரு முழங்கை, கோலைப் பிடித்த விரல்கள், அக்குளில் கிழிந்த சட்டை. தூரத்துக்கு வைத்த லென்ஸில் கை தூரத்து ஆள் கலங்கித்தான் விழுவான். இரண்டு துண்டில் முகம் இருந்தது; தண்ணீருக்கு அடியில் பார்ப்பது போல இருந்தது. நெட்டையின் மனைவி ஒவ்வொன்றையும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் தரையில் வரிசையாக வைத்தாள்.

மூன்றாவது கண்ணாடியின் அடிச்சட்டத்தில் இருந்தது அது. நாலாக மடித்திருந்தது. அடிக்கல்லில் வெட்டிய எழுத்துகளைக் கிட்டத்தில் எடுப்பதற்காக லென்ஸை வீட்டிலேயே மூன்றடிக்கு வைத்துக்கொண்டு போன நாளின் ரோல். அந்தக் கல்லை நாலு படம் எடுத்திருந்தார்.

வெந்நீரில் ஊறவைத்து மடிப்பை நீவினார். குளியலறைக்குள் போய்க் கதவில் கம்பளியைத் தொங்கவிட்டார். இந்தத் தடவை கருவியை மேலே ஏற்ற வேண்டியிருக்கவில்லை. நாற்பது எண்ணினார். டெவலப்பரில் முதலில் புருவம் வந்தது.

வலது காது இல்லை. அந்தப் பக்கம் வெளிச்சம் தின்றுவிட்டிருந்தது. கன்னத்தின் குறுக்கே மடிப்பு விழுந்த கறுப்புக் கோடு. மற்றபடி நெட்டை இருந்தான். கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான், வாய் பாதி திறந்து.

தட்டு கைக்கு வந்ததும் அவள் குழந்தையை அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"என்னமோ சொல்றாரே. என்ன சொல்றாரு?"

"ரெண்டு போச்சுன்னு."

"என்ன ரெண்டு?"

அவர் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பு வருவது போலிருந்தது. "வீட்லயும் அப்படித்தான்ணே. தீக்குச்சி அணைஞ்சாக்கூட எண்ணுவாரு. மூணாவது அணைஞ்சா என்னையத் திட்டுவாரு." படத்தின் ஓரத்திலிருந்து தண்ணீர் அவள் மணிக்கட்டு வழியாக ஓடியது.

"காயட்டும்மா. சாயங்காலம் நானே கொண்டாந்து தரேன்."

"வேணாம்ணே. இப்படியே கொண்டு போறேன்."

"ஈரத்துல ஒட்டிக்கும்."

அந்தச் சொல்லுக்கு அவள் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். படம் கொடியில் காயும் வரை இரண்டு மணி நேரம் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி குழந்தைக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்தாள். அவர் தரையிலிருந்த துண்டுகளைப் பொறுக்கி ஓர் உறையில் போட்டு, நம்பர் எழுத யோசித்து, எழுதாமல் அலமாரியில் வைத்தார். மற்ற படங்களிலிருந்து ஒன்று வேண்டுமா என்று கேட்டார். சிம்னி, தண்ணீர்த் தொட்டி, தண்டவாளம், ஆஸ்பத்திரிப் பள்ளம் எல்லாம் எடுத்துக் காட்டினார். அவள் எல்லாவற்றையும் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரி வேணாம்," என்றாள். தண்டவாளத்தில் நின்ற படத்தை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆறரை மணி லாரி ஏழே காலுக்குப் போயிற்று. அவர் எட்டு மணிக்குக் குடோனைத் திறந்தார். அறுநூறு மூட்டை வந்திறங்கியது, பதினொன்று கிழிந்திருந்தது. பதினொன்றரை மணிக்குக் குவாரியில் வெடி வைத்தார்கள். சாப்பிட வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி ஸ்டூல்மேல் ஏறி நின்று, பழைய செய்தித்தாளை மடித்து மடித்து ஜன்னல் சட்டத்தில் செருகிக்கொண்டிருந்தாள். மூன்று கண்ணாடி முடிந்திருந்தது. நாலாவதற்கு அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.