அக்காவுக்கு மட்டும் ஓர் ஓப்பன் ஹவுஸ்

எங்கள் குடும்பத்தில் வாய் எனக்கு, ரோஷம் அக்காவுக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். சிம்பாங் ரெங்கத்தில் அவள் வீட்டில்தான் பல வருஷம் இருந்தேன். சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும், தினமும் போய்வர எல்லைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று பெர்மாஸ் ஜெயாவில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்கினேன்.

"என் வீடு உனக்குப் பத்தல, அப்படித்தானே? நீயா கூப்பிடாம அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்றாள்.

நான் மட்டும் சும்மா இருப்பேனா? "வந்தா வா, வராட்டி போ" என்றேன். அதோடு பேச்சு நின்றது. பால் காய்ச்சிய அன்றும் அவள் வரவில்லை.

தீபாவளி வந்தது. அக்கா இல்லாமல் எனக்கு என்ன தீபாவளி? போன் போட்டு அழைக்கலாம். "வரல" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டால்? ஸ்டேட்டஸில் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. அழைத்த மாதிரியும் இருக்கும், அழைக்காத மாதிரியும் இருக்கும். வர விருப்பமில்லை என்றால் பார்க்காதது போல இருந்துவிடலாம். இரண்டு பேருக்கும் மானம் மிஞ்சும்.

ஆனால் ஊரே திரண்டு வந்தால் என் வீடு தாங்காது. இங்கே ஓப்பன் ஹவுஸ் என்றால் பண்டிகைக்கு யார் வந்தாலும் சாப்பாடு உண்டு என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், வருகிறேன் வரவில்லை என்று யாரும் பதில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். நல்ல துணியாக உடுத்திக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதனால் அக்கா ஒருத்தியின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற மாதிரி போடத் தீர்மானித்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லையில் பஸ் வரிசையில் நின்றபடி, அதுவரை தொட்டே பார்க்காத பிரைவசி பக்கத்தைத் திறந்தேன். என் போனில் உள்ள பெயர்களெல்லாம் வரிசையாக வந்தன. அக்கா பெயருக்கு மட்டும் ஒரு டிக் போட்டேன். 'நாளைக்கு மத்தியானம் நம்ம வீட்ல ஓப்பன் ஹவுஸ். எல்லாரும் வாங்க!' என்று முகவரியோடு எழுதினேன். எல்லாரும் என்றால் அக்கா. என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

யார் பார்த்தார்கள் என்று பார்க்கத் துணிவில்லை. அவள் பார்த்துவிட்டும் பேசாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் தாங்காது. யார் யாரோ இதயப் படம் அனுப்பினார்கள். தீபாவளி வாழ்த்து என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அக்காவுக்குப் பிடித்த மட்டன் பிரட்டலைச் சின்னச் சட்டியில் வைத்தேன். மத்தியானம் மணி அடித்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், நான் மக்சிக் என்று கூப்பிடும் மேல்மாடி மலாய்க்கார அம்மா, கணவரோடும் பிள்ளைகளோடும் நிற்கிறார். பின்னாலேயே என்னோடு வேலை செய்யும் சீனத் தோழி, ஒரு பெட்டி ஆரஞ்சோடு. அவளுக்குப் பின்னால் என் ஷிஃப்ட் முழுவதும். உங்களுக்கெல்லாம் யார் சொன்னது என்று தோழியிடம் கேட்டேன். அவள் தன் போனைக் காட்டினாள். என் ஸ்டேட்டஸ் அதில் பளபளவென்று இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

கீழே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பாய் வந்து வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். "அலமாக்! தங்கச்சி, சோறு பத்தாதுலா. நான் கடையிலேர்ந்து ஒரு பானை அனுப்புறேன்" என்று வந்த வேகத்தில் இறங்கினார். ஒவ்வொரு தடவை மணி அடித்தபோதும் அக்காதான் என்று ஓடினேன். ஒவ்வொரு தடவையும் வேறு யாரோ வந்தார்கள்.

கறி தீர்ந்து நான் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது அக்கா வந்தாள். அவள் மகள் காரோட்டி வந்திருந்தாள். அக்கா முகம் சிவந்திருந்தது.

"ஊருக்கே சொல்லியிருக்க. எனக்கு ஒரு வார்த்த சொல்லத் தோணலையா? பக்கத்து வீட்டு டைலரம்மா, 'தங்கச்சி வீட்டுக்கு நீங்க போகலையா'ன்னு கேக்குறாங்க. என் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?"

அவள் கையில் ஒரு பெரிய பானை இருந்தது. அதில் கோழி ரெண்டாங் மணத்தது. நான் பானையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

"பின்ன, சண்ட போடறதுக்கு வெறுங்கையோட வரச் சொல்றியா?"

கூடத்தில் காலித் தட்டுகளோடு உட்கார்ந்திருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தாள். "உன்ன அப்புறம் வச்சுக்கிறேன்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். அதற்கப்புறம் அது அவள் வீடு. மக்சிக்குக்கு இரண்டாம் தடவை பரிமாறினாள், என் தோழியைச் சோறு வைக்கச் சொல்லி அதட்டினாள், பாயோடு மிளகாய் விலை பேசினாள். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தனை சந்தோஷமாக இருந்தது எனக்கு.

எல்லாரும் போனபின் அக்கா மகளிடம் என் போனைக் கொடுத்து, நான் செய்ததைச் சொன்னேன். அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"சின்னம்மா, இது 'இவங்களத் தவிர'ங்கிற எடம். இங்க டிக் பண்ணா அவங்களுக்கு மட்டும் தெரியாதுலா! மத்த எல்லாருக்கும் தெரியும்."

அக்கா என்னைப் பார்த்தாள். "அப்ப, எனக்கு மட்டும்தான் காட்ட நெனச்சியா?"

"உனக்கு மட்டும்தான்."

மகள் குறுக்கிட்டாள். "நீங்க ஒழுங்கா பண்ணியிருந்தா இன்னைக்கு யாருமே வந்திருக்க மாட்டாங்க சின்னம்மா. நீங்க வீடு மாறுன அன்னைக்கே அம்மா உங்க ஸ்டேட்டஸ மியூட் பண்ணச் சொல்லிட்டாங்க. அம்மா ஒன்னுமே பார்க்கல."

அக்கா மகளை முறைத்தாள். பால் பொங்கியது, புதுத் திரைச்சீலை, பால்கனிக் கறிவேப்பிலைச் செடி என்று அவள் பார்க்கட்டும் என்றே இத்தனை மாதம் நான் போட்ட எதையும் அவள் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. முதலில் நான், பிறகு மகள், கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு அக்கா.

"மியூட்ட எடுத்துர்றேன்மா. இனிமே போட்டோ எல்லாம் பாருங்க" என்றாள் மகள்.

"போட்டோ எதுக்கு? வீட்டக் காட்டச் சொல்லு" என்று அக்கா எழுந்தாள்.

திரைச்சீலை நிறம் கண்ணைக் குத்துகிறது என்றாள். செடிக்குத் தண்ணீர் அதிகம் என்றாள். கடைசி அறைக் கதவைத் திறந்து, விரித்திருந்த கட்டிலைப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"உனக்குத்தான். வேற யாருக்கு?"

உட்கார்ந்து பார்த்தாள். மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். "கல்லு மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே காலை நீட்டிப் படுத்துவிட்டாள்.

"காலையில தேத்தண்ணியில சீனிய கொறச்சுப் போடு" என்றாள்.