குணமாகிவிட்டது என்று ஒரு டிக்

ஸ்கேல் அக்காவை நான் பதினாலு வருடம் ஒரு படுக்கை விரிப்பின் மறுமுனையிலிருந்து பார்த்திருக்கிறேன். ஓட்டல்களும் மருத்துவமனைகளும் அனுப்பும் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலை எங்களுடையது. நீராவி உருளைக்குள் போய் வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, உதறி, மூலையோடு மூலை சேர்த்து மடிக்க வேண்டும். அவள் பிடிக்கும் பக்கம் ஒரு நூல்கூடப் பிசகாது. அதனால்தான் அந்தப் பெயர். ஓட்டல் துணியில் ஒற்றைத் தோடு கிடைத்தாலும் நோட்டில் தேதி போட்டு எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பாள். எனக்கு அது சில சமயம் எரிச்சலாகக்கூட இருக்கும்.

என்னை ‘வக்கீல்’ என்பார்கள். வாய் அதிகம், வேறொன்றுமில்லை. தொழிலாளர் பிரதிநிதியாக மூன்று தடவை என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். யாருக்கு எந்தப் படிவம், எந்த அலுவலகம், எந்தச் சான்றிதழ் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததையும் அதே குரலில் சொல்வேன்.

போன வருடம் அக்காவுக்குப் படியேறினால் மூச்சு வாங்கியது. சாயங்காலமானால் கால் வீங்கிச் செருப்பு நுழையாது. இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது என்றார் டாக்டர். ஆறு மாதம் கழித்து அறுவை சிகிச்சை, அதுவரை நிற்கவே கூடாது, நீராவிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் கல்யாணமாகி எங்கோ தொலைவில். காப்பீட்டு அலுவலகத்திலிருந்து மாதாமாதம் நோய்க்கால உதவித்தொகை வர ஏற்பாடு செய்தேன். அந்தப் படிவத்தை நிரப்பியது நான்தான் என்று ஆலை முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் அவளுடைய பெரியப்பா இறந்துபோனார். பிள்ளைகள் இல்லாதவர். முன்பக்கம் ஒரு கடை, பின்பக்கம் இரண்டு அறை என்றிருந்த தன் வீட்டை இவள் பெயருக்கு உயில் எழுதி வைத்திருந்தார். கடைக்காரர் காலிசெய்து, காகிதமெல்லாம் பெயர் மாற ஒரு வருடமாவது ஆகும். அதுவரை அது பெயருக்குத்தான் வீடு. உயிலின் நகலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடி ஆலைக்கு வந்தாள்.

“வக்கீலு, எனக்கு வீடு வந்திருக்குடி. இனிமே அந்த உதவிப் பணத்த வாங்கலாமா?”

நான் சாப்பாட்டு டப்பாவின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எப்படிக்கா வாங்க முடியும்? அதான் சொத்து வந்தாச்சே. எங்க அண்ணிக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?”

அண்ணி விதவை. வருமானம் இல்லாதவர்களுக்குத் தரும் உதவியை வாங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிறந்த வீட்டில் ஒரு துண்டு நிலம் கிடைத்ததும், இரண்டு பேர் வீட்டுக்கே வந்து அலமாரியைத் திறந்து பார்த்து, தெருவே வேடிக்கை பார்க்க உதவியை நிறுத்திவிட்டுப் போனார்கள். அது வேறு உதவி, இது வேறு உதவி என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாளே அவள் காப்பீட்டு அலுவலகத்தில் போய், உதவியை நிறுத்தும் படிவத்தை வாங்கிவிட்டாள். அங்கிருந்தே எனக்குப் போன் செய்தாள்.

“நிறுத்தக் காரணம் கேட்டிருக்குடி. மூணே கட்டம்தான். குணமாகிவிட்டது, வேலைக்குத் திரும்பிவிட்டார், இறந்துவிட்டார். சொத்து வந்ததுக்குக் கட்டமே இல்லியே.”

“செத்துப் போகலல்ல? மொதக் கட்டத்துலயே போடுக்கா” என்று சிரித்தேன்.

அப்படி ஒரு கட்டம் ஏன் இல்லை என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். நான் சிரித்தேன். அவளும் டிக் போட்டாள். அடுத்தவர் பணம் தன் கைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக அவள் சொன்ன பொய் அது.

குணமாகிவிட்டது என்று அவளே எழுதிக் கொடுத்த பிறகு ஆலை சும்மா இருக்குமா? காப்பீட்டு அலுவலகம் ஆலைக்குத் தகவல் சொல்ல, ஏன் வேலைக்கு வரவில்லை என்று பத்தாம் நாள் அவளுக்குக் கடிதம் போனது. கையில் வேறு வருமானமும் இல்லாததால் கிளம்பி வந்துவிட்டாள். டாக்டர் சரியென்றுதான் சொல்லியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒன்பது வாரம் அந்த நீராவியில் எனக்கு எதிரே நின்றாள். ஒரு செவ்வாய்க்கிழமை, மூலைகளைச் சேர்க்க என்னை நோக்கி நடந்து வந்தவள், பாதி தூரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலமாகியிருந்தது. விரிப்பைப் போட்டுவிட்டு ஓடினேன்.

“இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு வேலைக்குப் போகச் சொன்னது யாரு?” என்று மருத்துவமனையில் டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். இன்னும் ஆறு வாரம் படுக்கையைவிட்டு எழாமல் இருந்தால்தான் கத்தி வைக்கவே முடியும், மறுபடி நின்றால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். வேலைக்குப் போகாவிட்டால் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லை. போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை. வீடு திரும்பிய மறுநாளே அவளை ஆட்டோவில் ஏற்றிக் காப்பீட்டு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன்.

அங்கே இருந்தது கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி அம்மாள். கோப்பைப் பொறுமையாகப் புரட்டினார்.

“நீங்களே நிறுத்தியிருக்கீங்களே. ஏன்?”

“வீடு ஒண்ணு வந்துச்சுங்க. சொத்து இருக்கறவங்க வாங்கக் கூடாதில்லீங்களா?”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? இது இல்லாதவங்களுக்குக் குடுக்கற உதவி இல்ல. இருபத்திரண்டு வருஷமா உங்க சம்பளத்துல பிடிச்சது. உங்களுக்கு அரமணையே வந்தாலும் இது உங்களுக்குச் சேர வேண்டியதுதான்.”

ஒன்பது வாரம். ஒன்றுமே இல்லாத ஒரு காரணத்துக்காக ஒன்பது வாரம் அவளை அந்த உருளைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன். பக்கத்தில் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

“ஆனா ஒரு சிக்கல் இருக்கு” என்றார் அதிகாரி. “குணமாகாமயே குணமாயிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. பொய்த் தகவல் குடுத்தா மூணு மாசத்துக்கு எதுவும் தர முடியாது. ஒரே ஒரு வழிதான் இருக்கு. உங்க ஆலைப் பிரதிநிதி தப்பா வழிகாட்டி, அதனால எழுதினீங்கன்னா அது உங்க குத்தமில்ல. ஆனா அவங்களோட பிரதிநிதிப் பதவி போயிடும். உங்களுக்கு இந்த வாரமே ஆரம்பிச்சுடலாம். யாராவது சொன்னாங்களா?”

ஸ்கேல் அக்கா கொஞ்சமும் தயங்கவில்லை.

“யாரும் சொல்லலீங்க. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்.”

அந்த நொடியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதி. பதவி போகாது, ஆலையில் யாருக்கும் தெரியாது என்று மனசு ஒரு கணம் குளிர்ந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் சொன்னால் நான் மனுஷியே இல்லை. அக்காவின் தாலிச் சங்கிலி இல்லாத கழுத்தில் நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. அப்படி ஒரு கழுத்தைப் பார்த்துக்கொண்டே நிம்மதிப்பட்டேனே என்று எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது.

“நான்தாங்க சொன்னேன்” என்றேன். “பிரதிநிதி நான்தான். அந்தக் கட்டத்துல டிக் போடச் சொன்னதும் நான்தான்.”

“அவ ஏதோ பாசத்துல சொல்றா, நம்பாதீங்க” என்று அக்கா அவசரமாகக் குறுக்கிட்டாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள்.

அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒருத்தர் பொய் சொல்றீங்க. யாரு?”

“இவங்கதான்” என்று ஸ்கேல் அக்காவைக் காட்டினேன்.

அவளை அப்படி ஒருவரும் அதுவரை சொன்னதில்லை. தலையைக் குனிந்துகொண்டு புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து நேராக்கினாள். “சொன்னத எழுதிக் கையெழுத்துப் போடுங்க” என்று அதிகாரி ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.