பழுகாமத்து ரீச்சர் கை உயர்த்திய சனிக்கிழமை

அவர் கையை உயர்த்தியபோது தண்ணீர் கேட்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். களுவாஞ்சிக்குடியில் ஒரு பாடசாலை மண்டபம், காலை பதினொரு மணி. இருந்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்றவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் பின்னால் நீட்டியும் விட்டார். ரீச்சர் அதை வாங்கி நன்றி சொல்லிக் கதிரைக்குக் கீழே வைத்தார். பிறகு எழுந்து நின்று, "தலைவர் வேலையை நான் செய்யிறன்," என்றார்.

மண்டபமே பின்னால் திரும்பியது. வேறு ஊர்க்காரருக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொன்னால்தான் விளங்கும். மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளிலும் படிப்பிக்கிற ஆசிரியர்கள் சேர்ந்து நடத்துகிற எழுத்தறிவுச் சங்கம் அது. ஐந்தாம் தரம், ஆறாம் தரம் வந்தும் ஒரு பந்தியை வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் வகுப்பு வைப்போம். அப்போது ஆறு பள்ளிகளில் நடந்தது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், நடந்தது ஒன்றே ஒன்று. அது பழுகாமத்தில், அவருடைய வகுப்பு. அதனால்தான் எங்களுக்கு அவர் பழுகாமத்து ரீச்சர். நான் குருக்கள்மடத்துக்காரி, சங்கத்தின் செயலாளர். என் கையெழுத்து அழகு என்று எப்போதோ யாரோ சொல்லப்போக, அந்த வேலை என் தலையில் விழுந்து அங்கேயே இருந்துவிட்டது. கூட்டறிக்கை எழுதுவேன், கடிதம் எழுதுவேன். ஒரு சனிக்கிழமை வகுப்புக்கூட எடுத்ததில்லை. எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பொதுக்கூட்டத்தில் எங்களுக்கென்று ஒரு மரியாதை உண்டு. யாரும் தன்னைத் தானே முன்மொழியக் கூடாது. அது சங்க விதிகளைச் சொல்லும் யாப்பில் எழுதப்படவில்லை, ஆனால் யாப்பைவிடப் பலமானது. மற்றவர் பெயர் சொல்ல வேண்டும். சொன்னதும் "ஐயோ, எனக்கு ஏலா" என்று மறுக்க வேண்டும். மறுபடி கேட்பார்கள், மறுபடி மறுக்க வேண்டும். மூன்றாம் தரம் எல்லோருமாகக் கேட்கும்போது, பெரிய பாரத்தைச் சுமப்பவர்போலத் தலையைக் குனிந்து ஒப்புக்கொள்ள வேண்டும். இதில் எல்லோரும் மறுப்பதில் கெட்டிக்காரர்களாகிப் போனதால், கடைசியில் கூட்டத்துக்கு வராதவரைத் தெரிவுசெய்யும் வழக்கம் வந்தது. வராதவருக்கு மறுக்க வாய் இல்லையே. ஒரு வருடம் கலியாணவீட்டுக்குப் போயிருந்த அதிபர் ஒருவர் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தபடி தொலைபேசியில் தான் தலைவரான செய்தியை அறிந்தார். அடுத்த வருடம் இன்னொருவர். தொடர்ந்து மூன்று வருடம் வராதவர்களே எங்களை ஆண்டார்கள். அவர்கள் தலைவரான பிறகும் வரவில்லை.

அந்த வருடம் மண்டபம் நிறைந்து வழிந்தது. வாசிப்பின் மேல் வந்த பற்று என்று நினைத்துவிட வேண்டாம். வராமல் இருந்தால் தலையில் கட்டிவிடுவார்கள் என்ற பயம். ஆகவே எல்லோரும் வந்துவிட்டார்கள், தெரிவுசெய்ய ஆள் இல்லை. பள்ளிகளைச் சனிக்கிழமைகளில் திறக்க வேண்டுமென்றால் புதிய தலைவரின் கையொப்பத்தோடு அடுத்த கிழமைக்குள் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் போக வேண்டும். தலைவர் இல்லையென்றால் கடிதம் இல்லை, கடிதம் இல்லையென்றால் வகுப்பு இல்லை. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரைப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ரியூசனாவது இருக்கும். பழுகாமத்துப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வகுப்பை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

கூட்டத்தை நடத்தியவர் காத்தான்குடியில் படிப்பிக்கிற ஆசிரியர், எங்களுக்குக் காத்தான்குடி சேர். பொறுமைசாலி. யாரோ என் பெயரைச் சொன்னார்கள். இதை இப்போது மறைத்து என்ன பயன், எனக்கு அந்தப் பதவியில் ஆசை இருந்தது. நிறையவே இருந்தது. வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஏற்புரைகூடச் சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனாலும் "எனக்கு ஏலா சேர், வீட்டு வேலையே தலைக்கு மேல," என்றேன். சேர் மறுபடி கேட்டார். நான் மறுபடி மறுத்தேன். மூன்றாம் தரத்துக்காகக் குனிந்து பேனை மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அந்த நேரம்தான் பின்வரிசையில் கை உயர்ந்தது.

"முன்மொழியிறது ஆரு?" என்று கேட்டார் சேர், தடுமாற்றத்தோடு.

"நான்தான் சேர்."

"மறுகா, வழிமொழியிறது ஆரு?"

சிலர் கூரையைப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் "என்ன துணிச்சல் கா இவவுக்கு," என்று முணுமுணுத்தார். சேர் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவோம் என்றார்.

நான் தேத்தண்ணிக் கோப்பையோடு நேரே அவரிடம் போனேன். எனக்குக் கோபம். என் கையில் வந்து விழ இருந்ததைப் பறித்துவிட்டாரே என்ற கோபம்தான், ஆனால் அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன். "கேக்கிறவங்க கேக்கட்டும் எண்டு கொஞ்சம் பொறுத்திரிக்கலாமே புள்ள," என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். முகத்தில் கேலி இல்லை, பயமும் இல்லை. "நீங்க ரெண்டு தரம் ஏலா எண்டு சொன்னீங்க ரீச்சர். நான் அதை நம்பிட்டன்."

நான் கோப்பைக்குள் பார்த்தேன்.

"இப்ப சொல்லுங்க. நீங்க செய்யிறீங்க எண்டா நான் உடனே இருந்திருவன், நானே வழிமொழியிறன். எனக்குக் கதிரை பெரிசில்ல. பட்டிருப்புப் பாலத்துக்கு அங்கால, படுவான்கரையில இருக்கிற இந்த ஒரு வகுப்பு நிக்கப்படாது, அவ்வளவுதான்."

ஓம் என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? நெஞ்சு முழுக்க இருந்தது அந்தச் சொல். நாக்கு எழும்பவில்லை. அவ்வளவு வருடம் மறுத்துப் பழகிய நாக்கு. பச்சையாகச் சொன்னால் வெட்கமாக இருந்தது, அவர் முன்னால் அல்ல, எனக்கு முன்னாலேயே. பிள்ளைகளுக்கு, எழுதியிருப்பதை எழுதியபடி வாசி என்று சொல்லிக்கொடுக்கிற நாங்கள், ஒருவர் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டவரைத் துணிச்சல்காரி என்கிறோம். தேத்தண்ணி ஆறிப்போனது. உள்ளே போனதும் நான்தான் அவரை வழிமொழிந்தேன். சேர் பெருமூச்சு விட்டது மேடையிலிருந்து பின்வரிசைவரை கேட்டது.

அவர் இரண்டு தவணை தலைவராக இருந்தார். முதல் கிழமையே ஸ்கூட்டியில் ஆறு பள்ளிகளுக்கும் போய் வந்தார். பொன்னாடை, மாலை எல்லாவற்றையும் நிறுத்தினார். செயற்குழுவில் யாராவது "பாப்பம், முயற்சி செய்வம்" என்று இழுத்தால், "ஏலுமா, ஏலாதா?" என்று கேட்பார். ஏலாது என்றால் கோபிக்க மாட்டார், அடுத்தவரிடம் போய்விடுவார். முதலில் எங்களுக்கு முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. பிறகு பழகியது. பிறகு பிடித்தும் போனது. ஏலும் என்றால் ஏலும் என்று சொல்ல எங்களிலும் பலர் இருந்தோம் போலும், இத்தனை காலம் கேட்ட விதத்தில்தான் பிழை. தலைவரான பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் வகுப்பை அவர் விடவில்லை. வேறு ஆள் போடுங்கள் என்று நானே சொல்லிப் பார்த்தேன். அதுதான் தலைவர் வேலை என்றார்.

இந்த வருடம் அவருக்கு வாகரைப் பக்கம் இடமாற்றம் வந்தது. பொதுக்கூட்டத்துக்கு அவரால் வர முடியவில்லை. வராதவரைத் தெரிவுசெய்யும் பழைய புத்தி யாருக்கும் எட்டிப் பார்க்கவில்லை. காத்தான்குடி சேர், "தலைவர் பதவிக்கு..." என்று தொடங்கும்போதே நான் எழுந்துவிட்டேன். "நான் செய்யிறன் சேர்." குரல் நடுங்கவில்லை. ஏற்புரை இம்முறையும் தயார். உட்காரும்போது பார்க்கிறேன், இன்னும் இரண்டு பேர் எழுந்து நிற்கிறார்கள், ஒருவர் களுவாஞ்சிக்குடி, மற்றவர் ஏறாவூரிலிருந்து வந்த இளம் ரீச்சர். எங்கள் சங்கத்தில் முதன்முறையாக வாக்கெடுப்பு நடந்தது. நான் தோற்றேன். அந்த இளம் ரீச்சர் தலைவரானார். என் தோல்வியை என் அழகான கையெழுத்தில் நானே எழுதினேன்.

மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். "தோத்திட்டன் புள்ள," என்றேன். வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"எத்தினை பேர் எழும்பின?" என்று கேட்டார்.

"மூண்டு பேர்."

அவர் சிரித்தார். யார் வென்றது என்று கேட்கவே இல்லை. "பழுகாமத்து வகுப்பை ஆரு எடுக்கிற?" என்று மட்டும் கேட்டார். சிரிப்பு நின்றிருந்தது.

கூட்டத்தில் அந்தக் கேள்வியும் வந்தது. அதற்கு எழுந்தது ஒரே ஒரு ஆள். "நான்தான் எடுக்கிறன்," என்றேன்.

"ரெண்டு தரம் கேக்கட்டா ரீச்சர்?"

"வேணாம்."

"அப்ப நேரத்துக்குப் போங்க," என்றார் அவர். "எட்டரைக்கே புள்ளையள் வந்து நிக்கும்."