ஊசி போட்டவரைப் பந்தியிலிருந்து எழுப்பலாமா?

கணையத்தில் வந்த கட்டியோடு கணையத்தில் பாதியையும் வெட்டி எடுத்ததிலிருந்து, அதுவரை மாத்திரையில் அடங்கிய என் கணவரின் சுகருக்கு இன்சுலின் ஊசி தேவைப்பட்டது. "ஊசி போட்டா உடனே சாப்பிடணும். சுகர் இறங்கிட்டா தூக்கி நிறுத்தற சக்தியும் உங்க கணையத்துக்கு இப்ப கம்மி" என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

என் நாத்தனார் காதில் அது ஏறவே இல்லை. "அதான் கட்டிய எடுத்தாச்சே, இன்னும் என்ன ஊசி?" என்பார்.

நாத்தனார் மகள் கல்யாணம் சிதம்பரத்தில் நடந்தது. ஊசி போட்டுக்கொண்டு என் கணவர் பந்தியில் உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளிப்பதற்குள் நாத்தனார் ஓடிவந்தார். "சம்பந்தி வூட்டுக்காரங்களே இன்னும் உக்காரல. தாய்மாமன் நீ முன்னாடி உக்காந்தா என்னடா நெனப்பாங்க? எழுந்திரு!"

நான் கத்தியும் கேட்காமல், அக்கா சொல்லைத் தட்டாத அந்த மனிதரும் எழுந்து போய் வாசலில் நின்றார்.

சற்று நேரத்தில் வேர்த்துக் கொட்டி, நாக்குக் குழறி, நாற்காலியில் சரிந்தார். டம்ளரில் சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு ஓடினேன். என் கையைப் பிடித்துத் தடுத்தாரே அந்த மகராசி! "சுகர்காரனுக்குச் சக்கரையா? என் தம்பியக் கொல்லப் பாக்கறியா?"

"நவுருங்க அண்ணி! சுகர் இறங்கித்தான் இப்படிக் கெடக்கறாரு!" என்று அவரைத் தள்ளிவிட்டுக் குடிக்க வைத்தேன். நல்லவேளை, விழுங்கினார், தெளிந்தார்.

இப்போது என் கைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்கிறது. விசேஷ வீடுகளில், இலையில் சோறு விழுந்த பிறகுதான் ஊசியையே வெளியில் எடுக்கிறேன். நாத்தனாரோ, நான் தள்ளிவிட்டதை மட்டும் எங்கள் ஊர் கடலூர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். அடுத்த கல்யாணத்தில் என் கணவர் இலைப் பக்கம் வந்தால், மறுபடியும் தள்ளுவேன்.