ஈரத் தரைப் பலகை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூன்றே பேர்: எங்கள் டீம் லீட், டெஸ்டிங் பார்க்கும் நான், தரை துடைத்துக்கொண்டிருந்த ஹவுஸ்கீப்பிங் அக்கா. வாசலில் அக்கா வைத்திருந்த மஞ்சள் எச்சரிக்கைப் பலகை இன்னும் கண்ணில் நிற்கிறது. "பாத்து சார், ஈரம்" என்றார். "நமக்கெல்லாம் அது வேணாங்க்கா" என்று லீட் அதைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

எங்கள் ஆபீஸ் இருந்த வைட்ஃபீல்டு கட்டடத்து ஊழியர்களின் வருகையையும் சம்பளத்தையும் கணக்கிடும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தோம். எங்கள் நிரல் மொழியில் ஒரு கண்டிப்பான சோதனை உண்டு. ஏதாவது ஒரு மதிப்பு காலியாக வந்தால் என்ன செய்வாய் என்று கேட்கும். பதில் எழுதாதவரை விடாது. அன்று திரையில் நாற்பது இடங்களில் சிவப்புக் கோடு. உட்கார்ந்து எழுதினால் இரண்டு நாள் வேலை. லீட் ஒரே வரியை மாற்றிச் சோதனையையே அணைத்தார். சிவப்பெல்லாம் போயிற்று.

"கைரேகை மிஷின் காலியா அனுப்பிச்சா, சார்?"

"அனுப்பாது. இதெல்லாம் எல்.கே.ஜி. பசங்களுக்கு வெச்சதும்மா. எட்டாங்கிளாஸ்ல பெஞ்சு மேல நின்ன பயம் உனக்கு இன்னும் போகல."

நான் எட்டாவதோடு நின்று, பிறகு தனியாகப் படித்து இந்த வேலைக்கு வந்தவள்தான். கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் பஸ்ஸைவிட்டு இறங்கித் திரும்பிப் போகிறவள்தான். அடுத்த டெஸ்ட்டைத் திறந்தேன்.

மாதக் கடைசியில் அக்காவின் சம்பளத்தில் பத்தொன்பது நாள் இல்லை. வருடக்கணக்காக ஃபினாயிலிலும் ஆசிடிலும் ஊறிய விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருந்தது. மிஷினால் படிக்க முடியாத நாட்களைக் காலியாக அனுப்பியிருக்கிறது. எங்கள் நிரல் முணுமுணுக்காமல் அதைப் பூஜ்யமாக்கிப் பெருக்கிவிட்டது. மகளின் நர்சிங் ஃபீஸுக்கு அக்கா நம்பியிருந்த பணம். "நான் வரலன்னா இந்தத் தரைய யாரு துடைச்சா, கண்ணு? அந்த சாரையே கேட்டுச் சொல்லேன்" என்றார். கேட்டேன். "எட்ஜ் கேஸ்" என்றார் லீட்; எப்போதாவது நடக்கும் விதிவிலக்காம். தேய்ந்த விரலுக்கு அவர்கள் ஊரில் அதுதான் பெயர்.

கைதேர்ந்தவனை மொழி கட்டிப்போடக் கூடாது என்று இன்றும் நீட்டி முழக்குகிறார்கள். அந்தக் கைதேர்ந்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் வேலைக்குச் சோம்பல்; அதற்குச் சுதந்திரம் என்று ஒரு சட்டை. கட்டிப்போடட்டும், நச்சரிக்கட்டும், கையெழுத்து வாங்காமல் அணைக்கவே விடாமல் இருக்கட்டும். வழுக்கி விழுகிறவர் ஒருநாளும் நிரல் எழுதியவராக இருப்பதில்லை.

லீட் இப்போது வேறு கம்பெனியில், பெரிய பதவியில். அக்கா அதே மாடியில், துடைக்கும் முன் அதே பலகையை நிமிர்த்தி வைக்கிறார். "சிஸ்டத்துல இல்லம்மா" என்று இழுத்தடித்த, அக்காவை வேலைக்கு வைத்த கான்ட்ராக்டர், நான் நச்சரித்ததில் மூவாயிரம் கொடுத்தார். பத்தொன்பது நாள், நாளுக்கு ஐந்நூற்றைம்பது. இன்னும் வர வேண்டியது ஏழாயிரத்து நானூற்றைம்பது ரூபாய்.