உடம்பில் மிஞ்சிய இரும்பு

அந்த வருடங்களில் காலையில் எழுந்திருப்பதே எனக்கு ஒரு வேலை. பல் துலக்கிவிட்டு மறுபடி படுத்துவிடலாமா என்றிருக்கும். உப்பளம் பகுதியில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகம் மாடியில் இருந்தது. பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இறங்கி வருகிறவர்கள், "இன்னா சார், அதுக்குள்ள வயசாயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. விரல் முட்டியெல்லாம் வலி. முகம் வேறு கறுத்துக்கொண்டே போனது.

அம்மாவுக்கு இதற்கெல்லாம் ஒரே காரணம்தான். "உனக்கு ரத்தம் கம்மிடா." ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆட்டு ஈரலும் சுவரொட்டி என்கிற மண்ணீரலும். மற்ற நாளில் முருங்கைக்கீரை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய இரும்புச்சத்து டானிக் இரண்டு வேளை. இத்தனையும் தின்று நான் இன்னும் சோர்ந்துதான் போனேன்.

கடைசியில் சர்க்கரையும் வந்து சேர, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர் ஒன்றுக்கு நான்கு பரிசோதனை செய்துவிட்டு, "உங்களுக்கு இரும்பு கம்மியில்ல. பல மடங்கு ஜாஸ்தி. உடம்பு அதை வெளிய விடாம சேத்து சேத்து வெச்சு, கல்லீரல் கெட்டுப்போயிருக்கு" என்றார். பரம்பரைக் கோளாறாம். அதைப் பற்றித்தான் அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வைத்தியம், அடிக்கடி ரத்தத்தை எடுத்துக் கொட்டுவது; அதோடு இரும்பும் போகும். என் ரத்தத்தை வேறு யாருக்கும் ஏற்ற மாட்டார்கள்.

"கூடப் பொறந்தவங்க இருந்தா கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் இருக்கலாம்" என்றார்.

இருந்தது ஒரே தம்பி. என்னைவிட ஆறு வயது இளையவன், பெயின்டர். அவனுக்குச் சின்னப் பெண்கள் இரண்டு. எனக்கு வந்தது வந்துவிட்டது, இவனுக்கு வரக்கூடாது என்றுதான் அன்றிலிருந்து வேண்டிக்கொண்டேன். நான் தின்ற அதே ஈரலைத்தானே அவனும் தின்று வளர்ந்தான்.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவனுக்கு எதிலும் விளையாட்டு. இந்த நோய் வெள்ளைக்காரர்களுக்குத்தான் அதிகம் வரும் என்று டாக்டர் சொன்னதும், "அப்ப எங்க அண்ணனுக்கு பிரெஞ்சு பென்ஷன் கெடைக்குமா டாக்டர்?" என்றான். எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களுக்கு அது இன்னும் வருகிறது. டாக்டர் சிரித்துவிட்டார். வெள்ளைக்காரர்களிடம் இருக்கும் மரபணு மாற்றம் என்னிடம் இல்லையாம். இது வேறு ஏதோ மரபணு, அதைத்தான் தேடுகிறோம் என்றார். அப்பா கட்டிக்கொண்டது சொந்த அக்கா மகளை என்பதைக் கேட்டு எழுதிக்கொண்டார். தம்பியின் ரத்தம் வெளியூர் ஆய்வகத்துக்குப் போனது.

முடிவு வர மாதக்கணக்கானது. நான் ரத்தம் கொடுத்துவிட்டு வருவேன், படுப்பேன், ஆபீஸ் போவேன். அதற்குமேல் எதையும் நினைக்கத் தெம்பில்லை.

ஒருநாள் டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். "அண்ணனுக்கு இருக்கற அதே மாற்றம் உங்களுக்கும் இருக்கு."

தம்பி நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

"ஆனா உங்க உடம்புல இரும்பு அதிகமா சேரல. கல்லீரலும் நல்லா இருக்கு. ரத்தம் ஏதாவது நெறைய வெளிய போயிருக்கா?"

அவன் தலையைச் சொறிந்தான். "மன்றத்துல குடுப்போம் டாக்டர்."

அவன் கொண்டாடும் நடிகரின் பிறந்தநாளுக்கு ரசிகர் மன்றம் ரத்ததான முகாம் நடத்தும். அதோடு விடாமல், யாருக்கு அவசரம் என்றாலும் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பான். வருஷக்கணக்கில் இதுதான். கையில் பஞ்சோடு வீட்டுக்கு வந்தால் அம்மா ஆடித் தீர்த்துவிடுவாள். "ஒரு சொட்டு ரத்தம் ஊற எவ்ளோ சோறு துன்னணும் தெரியுமாடா? பெரியவன் இப்டி ஊர் மேயறானா?" ஊர் மேயாத பெரியவன் நான்.

"அந்தப் பழக்கம்தான் உங்களைக் காப்பாத்தியிருக்கு" என்றார் டாக்டர்.

அப்பாடா என்றுதான் இருந்தது. கூடவே வயிறும் எரிந்தது. உண்மையைச் சொல்ல என்ன வெட்கம், அவன்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.

சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அம்மா, "சின்னவனுக்கு இன்னாடா சொன்னாங்க?" என்று ஓடிவந்தாள். அவனுக்கும் அதே கோளாறுதான், ஆனால் ரத்தம் கொடுத்துக் கொடுத்தே தப்பித்துவிட்டான் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, வெகு சாதாரணமாகக் கேட்டாள்.

"அப்ப நீயும் அவன்கூடப் போயி குடுத்திருக்கலாம் இல்ல?"

சட்டையைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.